பாமாயில் கடையும் டப்பா பாக்கியும்: முன்பேர வர்த்தகத்தைத் தடை செய்யச் சொல்லிக் கையெழுத்திடலாமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவரும் அவருடைய தம்பியும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், தந்தை காலத்திலிருந்து பருப்பும் சமையல் எண்ணெயும் மொத்தமாக விற்கும் கூட்டு நிறுவனம் நடத்தி வருகிறார்கள். பாமாயில் சரக்கு அதிகமாகத் தேங்கும் மாதங்களில், பதிவு பெற்ற தரகர் மூலம் எம்.சி.எக்ஸ் என்ற சரக்குச் சந்தையில் கச்சா பாமாயிலை முன்பேரத்தில், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசி, விற்று வைப்பது அண்ணனின் வழக்கமாக இருந்தது. விலை இறங்கினால் கடையில் வரும் நட்டத்தை அங்கே கிடைக்கும் லாபம் ஈடுகட்டிவிடும். 2021 டிசம்பரில் அந்த வர்த்தகத்தை, பங்கு, சரக்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி நிறுத்தியது. 2022 கோடையில் விலை சரிந்தபோது கையிருப்பில் பெரும் நட்டம் வந்தது. அதன் பிறகு தம்பி, சௌகார்பேட்டையில் ஒருவரிடம் போனில் விலை சொல்லித் துண்டுச் சீட்டில் கணக்கு வைக்கும் 'டப்பா' வர்த்தகத்தில் இறங்கினார். பாமாயிலில் தொடங்கியது வெள்ளிக்குப் போயிற்று. இப்போது 11 லட்சம் ரூபாய் பாக்கி என்றும், அதற்கு வாரம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றும் அந்த நபர் சொல்கிறார். கடையின் வங்கிக் கணக்கில் தம்பி கையெழுத்திட்டு, தொகை எழுதாமல் கொடுத்த இரண்டு காசோலைகள் அவர் கையில் இருந்தன. ஒன்று 6 லட்சத்துக்கு நிரப்பப்பட்டு, கணக்கில் பணம் போதவில்லை என்று சென்ற வாரம் திரும்பியிருக்கிறது. இரண்டு ஆட்கள் மாலை வேளைகளில் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள்.

இதற்கிடையில் வியாபாரிகள் சங்கத்தில், 'உணவுப் பொருள்கள் அனைத்திலும் முன்பேர வர்த்தகத்தைச் சட்டம் போட்டு நிரந்தரமாகத் தடை செய்ய வேண்டும்' என்று முதலமைச்சருக்கு ஒரு மனு தயாராகிறது. அது சூதாட்டம்தான், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார் வாசகரின் மாமனார். "வக்கீல் ஐயா, அந்தச் சந்தையை நிறுத்தியதால்தான் நான் நட்டப்பட்டேன். அதே மாதிரி வியாபாரத்தால்தான் தம்பி கெட்டான். இதில் நான் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார். கூடவே ஐந்து கேள்விகள்: 11 லட்சத்தைக் கொடுத்தாக வேண்டுமா, செபியின் தடையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாமா, 2022 நட்டத்துக்கு இழப்பீடு கேட்கலாமா, மனுவில் கையெழுத்திடலாமா, தம்பி இனிமேல் முறையான தரகரிடம் வெள்ளி வர்த்தகம் செய்யட்டுமா.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்ட வரிசையை விட்டுவிட்டு, நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன்.

திரும்பி வந்த காசோலை

மீதமுள்ள காசோலைக்கு 'பணம் கொடுக்க வேண்டாம்' என்று வங்கிக்கு எழுதிவிட்டால் வழக்கு வராது என்று நம்பியிருக்கிறீர்கள். அது சரியல்ல. அப்படி நிறுத்தி வைக்கப்பட்ட காசோலையும், கணக்கையே மூடியதால் திரும்பிய காசோலையும்கூட மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1990-களின் இறுதியிலேயே தெளிவாக்கிவிட்டது. ஆகவே வங்கிக்கு எழுதுங்கள், ஆனால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்: தொகை நிரப்பாமல் கொடுக்கப்பட்ட காசோலை, கடையின் வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாத கணக்கு, மிரட்டல் நடக்கிறது என்று. பின்னால் நீதிமன்றத்தில் உங்கள் தரப்பு புதிதாகக் கட்டிய கதையல்ல என்று காட்ட அந்தக் கடிதம் உதவும். அதே நாளில், இனி இரு பங்குதாரர்களும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும் என்று கணக்கின் விதியை மாற்றிவிடுங்கள்.

திரும்பிய காசோலைக்கு, வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அந்த நபர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்களுக்குக் கிடைத்த பின் பணம் கட்ட 15 நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் புகார் தாக்கல் செய்யலாம். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று கடைத்தெருவில் சொல்வார்கள், கேட்காதீர்கள். சரியான முகவரிக்கு வந்த தபாலை மறுத்தால், அது சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும். 15 நாட்களுக்குள் விரிவான பதில் நோட்டீஸ் போக வேண்டும். இது போன்ற வழக்குகளில் பாதியின் தலைவிதியை அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம்.

தொகை எழுதாத காசோலை செல்லாது என்பதும் தவறான நம்பிக்கை. கையெழுத்து உங்கள் தம்பியுடையதுதான் என்றால், சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்காகவே அது கொடுக்கப்பட்டது என்ற அனுமானத்தோடு நீதிமன்றம் தொடங்கும். வெற்றுக் காசோலைக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அந்த அனுமானத்தை முறியடிக்கலாம். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, உங்கள் தரப்பே நடந்திருக்கக் கூடியது என்று தோன்றச் செய்தால் போதும். துண்டுச் சீட்டுகள், போன் பதிவுகள், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவை தம்பியிடம் இருக்கும். வெட்கத்தில் அவர் அவற்றை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 11 லட்சம் சட்டப்படி கடனா?

இங்கேதான் உங்கள் வீட்டுப் பிரச்சினையும் நீங்கள் கேட்ட பெரிய விவாதமும் ஒன்றையொன்று தொடுகின்றன. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-ஆம் பிரிவில், பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. சரக்கு கைமாற வேண்டும் என்ற எண்ணம் இரு தரப்புக்கும் இல்லாமல், விலை வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்குவதாக இருந்தால் அது பந்தயம். டப்பா அதற்குச் சரியான உதாரணம். உங்கள் தம்பி 'வாங்கிய' வெள்ளி எந்தச் சந்தைக்கும் போகவில்லை. அவர் தோற்றால் அந்த நபருக்கு லாபம், ஜெயித்தால் அந்த நபருக்கு நட்டம், அவ்வளவுதான்.

ஆனால் 'செல்லாது' என்பதோடு வழக்கு முடிந்துவிடாது. 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கேருலால் பாரக் வழக்கில், இருவர் கூட்டாகச் சேர்ந்து ஹாப்பூர் வியாபாரிகளோடு கோதுமையில் முன்பேர ஒப்பந்தங்கள் போட்டு நட்டமடைந்தார்கள். ஒரு கூட்டாளி முழுத் தொகையையும் கட்டிவிட்டு மற்றவரிடம் பாதியைக் கேட்டார். பந்தயம் செல்லாததுதான், ஆனால் அது சட்டவிரோதமோ பொது நலனுக்கு விரோதமோ அல்ல, ஆகவே அதை ஒட்டிய துணை ஒப்பந்தம் செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. பழைய பம்பாய் மாகாணத்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று துணை ஒப்பந்தங்களையும் சேர்த்து ரத்து செய்திருந்தது. நம் பக்கத்தில் அப்படி இல்லை. எனவே எதிர்த்தரப்பு வக்கீல், 'என் கட்சிக்காரர் வெறும் ஏஜென்ட், உங்கள் தம்பிக்காக அவர் வேறு இடத்தில் பணம் கட்டினார், அதைத்தான் கேட்கிறார்' என்று வாதாடுவார் என்பதை இப்போதே எதிர்பார்க்க வேண்டும்.

அதற்கான பதில் 2015-க்குப் பிந்தைய சட்டத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில், 1952-ஆம் ஆண்டின் முன்பேர ஒப்பந்தங்கள் சட்டம் நீக்கப்பட்டு, அதன் கீழ் 1953 முதல் இயங்கிய முன்பேரச் சந்தை ஆணையம் செபியோடு இணைக்கப்பட்டது. சரக்கு முன்பேரங்கள் 1956-ஆம் ஆண்டின் பங்கு ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்தன. அந்தச் சட்டத்தின் 18-ஏ பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் நடந்து அங்கேயே தீர்க்கப்படும் முன்பேரத்தைச் செல்லுபடியாக்குகிறது. வெளியே போடுவதை 23-ஆம் பிரிவு குற்றமாக்கி, 10 ஆண்டு வரை சிறை, 25 கோடி ரூபாய் வரை அபராதம் என்று தண்டனை வைத்திருக்கிறது. ஆகவே டப்பா வெறும் செல்லாத பந்தயம் அல்ல, சட்டம் தடுத்த செயல். தடுக்கப்பட்ட ஒன்றை நோக்கமாகக் கொண்ட துணை ஒப்பந்தமும் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அடிபட்டுப் போகும். கேருலால் தீர்ப்பு இந்த இடத்தில் அவருக்கு உதவாது என்பது என் கருத்து.

இந்த வாதம் உங்கள் பக்கமும் திரும்பும் என்பதை மறைக்க மாட்டேன். தண்டனைப் பிரிவு சட்டத்தை மீறி ஒப்பந்தம் போடுபவரைப் பற்றிப் பேசுகிறது. போட்டவர்களில் உங்கள் தம்பியும் ஒருவர். 'டப்பா என்று போலீஸில் ஒரு புகார் கொடுத்தால் போதும், அவன் ஓடிவிடுவான்' என்று நீங்கள் எழுதியிருப்பதை அதனால்தான் அப்படியே செய்ய வேண்டாம் என்கிறேன். தம்பி எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிராகவும் படிக்கப்படலாம். டப்பா பற்றிய தகவலை எந்த வடிவில், எந்த அளவுக்குச் சொல்வது என்பதை அவருக்கென்று ஒரு குற்றவியல் வக்கீலை அமர்த்திய பிறகு முடிவு செய்யுங்கள்.

வாசலில் நிற்கும் ஆட்களைப் பற்றிய புகாருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. மிரட்டலும், பயமுறுத்திப் பணம் பறிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351, 308 பிரிவுகளில் தனிக் குற்றங்கள். கடைக்காரர் என்ற முறையில் நீங்களே, கேமரா பதிவோடு, உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். வாரம் நூற்றுக்கு 2 என்பது ஆண்டுக்கு 104 ஆகிறது. அந்தத் தொகையைக் கடன் என்றே அவர் வாதிட்டால், தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்துக்கு அவரே பதில் சொல்ல வேண்டி வரும்.

சமரசம் பேசலாமா என்றால், பேசலாம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், காசோலை கடையின் பெயரில் இருக்கிறது. பருப்பு, எண்ணெய்க் கடையின் வழக்கமான வியாபாரத்துக்குள் வெள்ளிப் பந்தயம் வராது என்பதால், தம்பியின் செயல் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று பங்குதாரர் சட்டப்படி வாதிட இடமிருக்கிறது. ஆனாலும் வெற்றி உறுதி என்று எந்த வக்கீலும் எழுதித் தர முடியாது. பேசுவதென்றால் வக்கீல் மூலம், எழுத்தில், இரண்டு காசோலைகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டு மட்டுமே பேசுங்கள். 11 லட்சத்தைத் தொடக்க எண்ணாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

மாமனார் சொல்வதில் எவ்வளவு உண்மை?

உங்கள் மாமனாரின் கோபத்துக்கு வரலாறு இருக்கிறது. 2011-12-இல் கொத்தவரை விதையின் விலை முன்பேரச் சந்தையில் பல மடங்கு ஏறி, 2012 மார்ச்சில் அதன் வர்த்தகத்தையே நிறுத்த வேண்டி வந்தது. 2013-இல் தேசிய ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் சரிந்தபோது சுமார் 13,000 முதலீட்டாளர்களின் 5,600 கோடி ரூபாய் சிக்கிக்கொண்டது. உடனடிச் சரக்குச் சந்தை என்ற பெயரில், கிடங்கில் சரக்கு இருப்பதாகக் காகிதத்தில் காட்டி, இன்று வாங்கிப் பிறகு விற்கும் ஜோடி ஒப்பந்தங்களை அது நடத்தியிருந்தது. ஒழுங்குமுறையாளரின் கண் படாத இடைவெளியில் அது வளர்ந்தது என்பதைக் கவனியுங்கள். முன்பேரச் சந்தை செபியிடம் போனதற்கு அந்தச் சரிவு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் 'முன்பேரம்தான் விலையை ஏற்றுகிறது, தடை செய்தால் இறங்கும்' என்ற வாதத்தை உங்கள் தெருவே சோதித்துப் பார்த்திருக்கிறது. துவரை, உளுந்து இரண்டிலும் முன்பேர வர்த்தகம் 2007 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் கோதுமையும் அரிசியும் சேர்ந்தன. தடை அப்படியே இருக்கும்போதுதான், 2015 இலையுதிர் மாதங்களில் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. மழை பொய்த்தது, விளைச்சல் குறைந்தது, இறக்குமதி தாமதமானது. முன்பேரம் அங்கே இல்லவே இல்லை. பர்மாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்து இறங்கும் உளுந்தின் விலை ரங்கூனைப் பார்த்து ஏறி இறங்குவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்; அதைத் தீர்மானிக்க இந்தியாவில் ஒரு முன்பேரப் பலகை தேவைப்படவில்லை. 2007-இல் அமைக்கப்பட்ட அபிஜித் சென் குழு, அடுத்த ஆண்டு தந்த அறிக்கையில், முன்பேரத்துக்கும் விலையேற்றத்துக்கும் காரண காரியத் தொடர்பு உண்டு என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை என்றது. தொடர்பே இல்லை என்றும் அது சான்றிதழ் தரவில்லை. அந்த அறிக்கை வந்த சில வாரங்களிலேயே, 2008 மே மாதம், கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, சோயா எண்ணெய், ரப்பர் ஆகியவற்றின் முன்பேரம் நிறுத்தப்பட்டு, ஆண்டு இறுதியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விலை ஏறும்போது அரசு எதையாவது செய்ததாகத் தெரிய வேண்டியிருக்கிறது, கையில் எளிதாக அகப்படுவது இந்தச் சுவிட்ச்.

இன்னொன்றையும் உங்கள் மாமனாரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். 2021 வரை நீங்கள் பாமாயிலை முன்பேரத்தில் விற்றீர்களே, அதை வாங்கியவர் யார்? சில நேரம் இன்னொரு எண்ணெய் வியாபாரி. பெரும்பாலும், விலை ஏறும் என்று கணித்துப் பணம் போட்ட ஊக வணிகர். அவர் இல்லாவிட்டால் உங்கள் ஆபத்தை ஏற்றுக்கொள்ள ஆளில்லை. ஊகத்தை முழுவதும் துடைத்தெறிந்துவிட்டு, நட்டத்தை ஈடுகட்ட நீங்கள் செய்ததைப் போன்ற காப்பு வணிகத்தை மட்டும் வைத்துக்கொள்ள எந்த நாட்டுச் சட்டத்தாலும் இதுவரை முடியவில்லை.

அமெரிக்கா இதில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அங்கும் நம் டப்பாவைப் போன்ற கடைகள் சந்தையின் விலையைத் திருடி வைத்துக்கொண்டு பந்தயம் நடத்தின. 1905-இல் சிகாகோ சந்தை தொடுத்த வழக்கில் நீதிபதி ஹோம்ஸ், சந்தைக்குள் தேர்ந்தவர்கள் செய்யும் ஊகம் எதிர்காலத்துக்குச் சமூகம் தன்னைப் பொருத்திக்கொள்ளும் வழி என்று சொல்லி, சந்தைக்கும் அந்தக் கடைகளுக்கும் இடையே கோடு போட்டார். 1955-இல் இரண்டு வியாபாரிகள் சிகாகோவில் வெங்காயத்தைக் குவித்து விலையை நொறுக்கியதன் எதிரொலியாக, 1958-இல் வெங்காய முன்பேரம் அங்கே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இன்றும் தடை நீடிக்கிறது, வெங்காய விலை ஏறி இறங்குவதும் நீடிக்கிறது. 2010-க்குப் பிறகு அவர்கள் வேறு வழியில் போனார்கள்: ஒருவர் எவ்வளவு ஒப்பந்தம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு. முதல் விதியை 2012-இல் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது. வரம்பு உண்மையில் அவசியம் என்று ஒழுங்குமுறை ஆணையம் முதலில் காட்ட வேண்டாமா என்பதே தகராறு. புதிய விதி 2020-இல்தான் வந்தது.

நம் செபியும் 2017-இல் இதே பாதையில் வேளாண் பொருள்களை விரிந்த சந்தை, குறுகிய சந்தை, உணர்திறன் மிக்கவை என்று மூன்றாகப் பிரித்து, சந்தைக்கு வரத்தக்க மொத்தச் சரக்கில் ஒரு வாடிக்கையாளர் முறையே 1 சதவீதம், அரை சதவீதம், கால் சதவீதம் வரை மட்டுமே வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டியது. கொத்தவரை போன்ற கதை திரும்பாமல் இருக்க இது பொருத்தமான கருவி. யார் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது தெரிந்தால்தான் குவிப்பவரைப் பிடிக்க முடியும். தடை போட்டதும் அந்தக் கணக்கு மறைந்துபோய், விளையாட ஆசைப்பட்டவர்கள் உங்கள் தம்பி போன இடத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் முழுத்தடைக்கு எதிராக நிற்பது இந்தக் காரணத்துக்காகத்தான்.

உயர் நீதிமன்றமும் சங்கத்தின் மனுவும்

2021 டிசம்பரில் செபி ஏழு பொருள்களை நிறுத்தியது: பாசுமதி அல்லாத நெல், கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு, சோயா, கச்சா பாமாயில், பாசிப்பயறு. முதலில் ஓர் ஆண்டு என்றார்கள். பிறகு 2022-இலும் 2023-இலும் ஓராண்டு, 2024 முடிவில் சில வாரங்கள், 2025-இல் மீண்டும், 2026 மார்ச் 31 வரை என்று நீட்டிப்புகள் வந்தன. உங்கள் நட்டத்தின் பின்னணியும் இதற்குள் இருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய பின் 2022 மார்ச்சில் மலேசியச் சந்தையில் பாமாயில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி, சில வாரங்களில் மீண்டும் திறந்தது. ஜூலைக்குள் விலை 4,000-க்குக் கீழே விழுந்தது. இங்கே முன்பேரத்தை நிறுத்தியது அந்த ஏற்றத்தைத் தடுக்கவில்லை. இறக்கத்தில் உங்களுக்கு இருந்த காப்பை மட்டும் எடுத்துவிட்டது.

அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட உங்களுக்கு வழி உண்டு. தொழில் செய்யும் உரிமையை 19(1)(ஜி) தருகிறது, பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாட்டை 19(6) அனுமதிக்கிறது. பொருளாதாரக் கொள்கையில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிட விரும்புவதில்லை. கடுகெண்ணெய்க்கு அரசு உச்ச விலை வைத்ததை எதிர்த்த பிராக் ஐஸ் ஆலை வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. மறுபுறம், 2020 மார்ச்சில், கிரிப்டோ நாணய நிறுவனங்களுக்கு வங்கிச் சேவையை மறுத்த ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. வங்கிகளுக்கு உண்மையில் என்ன தீங்கு நேர்ந்தது என்று காட்டாமல் இவ்வளவு கடுமையான நடவடிக்கை எடுப்பது அளவுக்கு மீறியது என்றது. உங்கள் வழக்கின் பலமும் அங்கேதான். முதல் நிறுத்தத்தைக் கேள்வி கேட்பது கடினம். தற்காலிகம் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் நீட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் என்ன ஆய்வு செய்தார்கள் என்று கேட்பது எளிது. தகவல் உரிமைச் சட்டத்தில் செபிக்கும் மத்திய நிதி அமைச்சகத்துக்கும் முதலில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். செலவு பத்து ரூபாய்தான், வரும் பதிலைப் பார்த்துவிட்டு ரிட் பற்றிப் பேசலாம். தனிக் கடைக்காரராகப் போவதைவிடச் சங்கமாகப் போவது செலவுக்கும் நல்லது, வாதத்துக்கும் நல்லது.

2022 நட்டத்துக்கு இழப்பீடு கிடைக்காது. நல்லெண்ணத்தில் எடுத்த நடவடிக்கைக்குச் செபி சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அந்த நம்பிக்கையை இன்றே விட்டுவிடுங்கள்.

சங்கத்தின் மனுவில், அதன் கருத்தை விடுங்கள், முகவரியே தவறு. பங்குச் சந்தைகளும் முன்பேரச் சந்தைகளும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 48-ஆவது இனம். பந்தயமும் சூதும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநில அரசு செய்துவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலும். அங்கீகரிக்கப்பட்ட முன்பேரச் சந்தையை முதலமைச்சரால் மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. மனுவில் பாதி இடத்தைப் பதுக்கல் பற்றிய குறை பிடித்திருக்கிறது. அதற்கு 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2024 ஜூனில் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் மொத்த வியாபாரி ஒருவருக்கு 200 டன் என்று வரம்பு வந்ததே, அது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

மாநிலத்திடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. டப்பா வர்த்தகம் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம், மாநில அரசே புகார்தாரராகவும் நீதிமன்றம் போகலாம். ஜார்ஜ் டவுனில் அதைத் தேடிப் பிடிக்கச் சொல்லி முதலமைச்சருக்கு எழுதுங்கள். முன்பேர வரம்புகளைப் பற்றியும் நீட்டிப்புக்கான காரணங்களை வெளியிடுவதைப் பற்றியும் மத்திய அரசுக்கும் செபிக்கும் எழுதுங்கள். அப்படி இரண்டாகப் பிரித்தால் கையெழுத்திடுங்கள். இப்போதுள்ள வடிவத்தில் வேண்டாம். சங்கத்தில் மாமனாரோடு மோத வேண்டிய அவசியமும் இராது. அவர் வெறுக்கும் சூதாட்டத்தைத்தான் முதல் மனு குறிவைக்கிறது.

இனி பாமாயிலுக்கு என்ன காப்பு, தம்பிக்கு என்ன வழி?

சந்தை இல்லாத காலத்தில் உங்களுக்கு எஞ்சியிருப்பது நேரடி ஒப்பந்தம். பெயர் குறிப்பிட்ட இருவருக்குள், குறிப்பிட்ட தரம், அளவு, விலை, தேதியோடு, மூன்றாவது நபருக்கு மாற்ற முடியாதபடி போடும் சரக்கு ஒப்படைப்பு ஒப்பந்தத்துக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று அதன் 30-ஏ பிரிவு சொல்கிறது. உங்களுக்கு எண்ணெய் தரும் இறக்குமதியாளரிடமோ, உங்களிடம் வாங்கும் இனிப்புக் கடைகளிடமோ இரண்டு மாதத்துக்கு முன்னதாக விலை பேசி எழுதிக்கொள்ளுங்கள். சரக்கு உண்மையில் வந்து போக வேண்டும். வித்தியாசத்தை மட்டும் பைசல் செய்யும் பழக்கம் நுழைந்துவிட்டால் பழைய சிக்கல் திரும்பும். வெளிநாட்டுச் சந்தையில் காப்பு எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகளில் வங்கி வழியாக இடம் உண்டு, ஆனால் தனிநபருக்கு இல்லை, உங்கள் அளவு கடைக்கு அது கட்டுப்படியாகுமா என்பதும் சந்தேகம். மலேசிய விலையில் வர்த்தகம் செய்யலாம் என்று போனில் வரும் வெளிநாட்டுச் செயலிகளைத் தொடவே தொடாதீர்கள். அது அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இன்னொரு வழக்கு.

தம்பி பதிவு பெற்ற தரகரிடம் வெள்ளி வர்த்தகம் செய்வது சட்டப்படி முழுக்க அனுமதிக்கப்பட்டது. அது புத்திசாலித்தனமா என்பது வேறு. கடையில் வெள்ளி இல்லை, ஆகவே அது காப்பு அல்ல, ஊகம். பங்கு முன்பேரத்தைப் பற்றிச் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள், சராசரி நட்டம் சுமார் 2 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. சரக்குச் சந்தைக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் 11 லட்சத்தை மீட்பதற்காக அங்கே போகிறவர் எந்தக் கூட்டத்தில் சேருவார் என்பதை நீங்களே யோசியுங்கள்.

அவர் கேட்கவில்லை என்றால், குறைந்தபட்சம் இவற்றையாவது உறுதி செய்யுங்கள். தரகரின் பதிவு எண்ணைச் செபியின் தளத்தில் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒப்பந்தக் குறிப்பும், சந்தையிலிருந்தே நேராக வரும் குறுஞ்செய்தியும் ஒத்துப்போக வேண்டும். மார்ஜின் எனப்படும் பிணைய முன்பணம் தம்பியின் சொந்தக் கணக்கிலிருந்து தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும், எந்த ஊழியரின் கைபேசி எண்ணுக்கும் போகக் கூடாது. தகராறு வந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகாரும், அதன் பிறகு இணையவழிச் சமரசமும் மத்தியஸ்தமும் உண்டு. டப்பாவில் இல்லாதது இதுதான். கூடவே, கூட்டு நிறுவனப் பத்திரத்தில் ஒரு திருத்தம் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்: எந்தப் பங்குதாரரும் சொந்த ஊக வர்த்தகத்துக்குக் கடையின் பணத்தையோ, காசோலையையோ, சரக்கையோ ஈடாக வைக்கக் கூடாது, மீறினால் அந்தத் தொகை அவருடைய பங்கிலிருந்து கழியும் என்று. தம்பி அதில் கையெழுத்திட்ட பிறகு அவருடைய வெள்ளிக் கணக்கைத் திறக்கட்டும்.